கம்பெனியில் கற்ற வேலை: எம்.ஜி.ஆர். இயக்கிய மூன்று படங்கள்

எம்.ஜி.ஆர். நடித்த படங்கள் 130-க்கும் மேல். இயக்குநர் என்று அவர் பெயர் திரையில் விழுந்த படங்கள் மூன்றுதான்: 'நாடோடி மன்னன்' (1958), 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973), 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' (1978). இவற்றைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அரசியலைத்தான் தேடினார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. முதல் படம் தி.மு.க. கொடி பொறித்த நிறுவனச் சின்னத்தோடு வந்தது. இரண்டாவது, அவர் தனிக்கட்சி தொடங்கி ஏழு மாதம் நிறைவதற்குள் வந்தது. மூன்றாவது திரைக்கு வந்தபோது அவர் முதலமைச்சர். எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 'பிம்பச் சிறை' தொடங்கி நல்ல ஆய்வுகள் பலவும் அந்தப் பிம்பம் எப்படிக் கட்டப்பட்டது, யாருக்குப் பயன்பட்டது என்பதை விரிவாகப் பேசிவிட்டன.

பிம்பத்தைக் கட்டிய கை எங்கே வேலை பழகியது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இயக்குநர் எம்.ஜி.ஆரை உருவாக்கியது கட்சி மேடைக்கு வெகுகாலம் முன்பே அவர் ஏறிய பாய்ஸ் கம்பெனி மேடை என்பதே என் வாதம். அந்த மேடையின் பலமும் பலவீனமும் மூன்று படங்களிலும் தெரிகின்றன. பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கமும் கால் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை என்பதும் இந்தக் கதையில் சேர்கிறது.

பாலக்காட்டுக்குத் தெற்கே, கொல்லங்கோடு போகும் வழியில், சித்தூர் வட்டத்தில் இருக்கிறது வடவன்னூர். தெற்கே நெல்லியாம்பதி மலைகள். கிழக்கே கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். வயல்காட்டில் மலையாளமும் சந்தையில் தமிழும் கலந்து ஒலிக்கும் ஊர்கள் இவை. எம்.ஜி.ஆரின் தாய் சத்தியபாமா இந்த ஊர்க்காரர். பெயரின் முதலெழுத்தாக நிற்கும் 'மருதூர்' அவருடைய தாய்வழிக் குடும்பப் பெயர். தந்தை மேலக்கத் கோபால மேனன் இலங்கைக்குப் போய்விட, கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17 அன்று எம்.ஜி.ஆர். பிறந்தார். தந்தை சீக்கிரமே இறந்தார். இரண்டு ஆண் பிள்ளைகளோடு கடல் கடந்து திரும்பிய சத்தியபாமா கும்பகோணத்தில் குடியேறினார். ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு ராமச்சந்திரனின் படிப்பு நின்றது. வறுமையால் அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள்.

வடவன்னூர் வீடு பிற்காலத்தில் அங்கன்வாடியாக இருந்து, இப்போது நினைவில்லமாக இருக்கிறது. அவருடைய முன்னோர் கொங்கு நாட்டிலிருந்து கணவாய் கடந்து மேற்கே போன மன்றாடியார் குலத்தவர் என்று நிறுவ முனைந்த நூலும் தமிழில் உண்டு. அந்த வாதம் நிலைக்கிறதா என்பதைவிட, அப்படி ஒரு வாதத்துக்குத் தேவை இருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவரை மலையாளி என்று எதிர்க்கட்சி மேடைகள் திரும்பத் திரும்பச் சொல்லின. ஆனால் பாலக்காடு 1956 அக்டோபர் இறுதிவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த ஊர். கும்பகோணத்துக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே மாநில எல்லை கிடையாது. எல்லை விழுந்தபோது எம்.ஜி.ஆருக்கு வயது 39. திரைக்கு வந்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன என்பதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வளர்ந்த நடிகர்கள் சொன்ன நாளில் வராமலும், குடித்துவிட்டு மேடையேறியும், வசனத்தை இஷ்டத்துக்கு நீட்டியும் நாடகத்தைக் கெடுத்த காலத்தில், சிறுவர்களைச் சேர்த்துப் பழக்கினால் ஒழுங்கு வரும் என்ற எண்ணத்தில் இந்தக் கம்பெனிகள் தோன்றின. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா இவற்றில் புகழ்பெற்றது. அதில் வளர்ந்த அவ்வை தி.க. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யைப் படிப்பவருக்கு அந்த உலகத்தின் சோறும் அடியும் பாட்டும் ஒன்றாகத் தெரியும். பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தங்கலும் சாப்பாடும் கம்பெனியில். காலையில் சாதகம், பகலில் பாடம், இரவில் நாடகம். ராஜபார்ட், ஸ்திரீ பார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேஷங்கள் பிரிந்திருக்கும். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை கதாநாயகியாக நின்ற பையன் இன்று கூட்டத்தில் ஈட்டி பிடிப்பான்.

இதையெல்லாம் நடத்துகிறவர் வாத்தியார். யாருக்கு எந்த வேஷம், எந்தப் பாட்டு எத்தனை அடி, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது எல்லாம் அவர் சொல்வதுதான். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அன்றிரவே இன்னொருவன் அந்த வேஷத்தைப் போட வேண்டும். ஆகவே எல்லாருக்கும் எல்லாப் பாடமும் தெரிந்திருக்க வேண்டும். எம்.ஜி.ஆருக்கு வாத்தியாராக இருந்தவர் காளி என். ரத்தினம். ராஜபார்ட்டாகக் கொடிகட்டிப் பறந்த மூத்த பையன் பி.யு. சின்னப்பா. சின்னப்பாவுக்குக் குரல் இருந்தது, சண்டையும் வரும். ராமச்சந்திரனுக்குப் பாட்டு வரவில்லை. குஸ்தியும் வாள்வீச்சும் சிலம்பமும் வந்தன.

பாட்டு வராத அந்தக் குறைதான் அவருடைய திரை வாழ்க்கையின் முதல் பத்தாண்டுகளை விளக்குகிறது. கந்தசாமி முதலியாரின் உதவியால் 'சதிலீலாவதி'யில் (1936) ரங்கையா நாயுடு என்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம் கிடைத்தது. இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். அதன்பின் சின்னச் சின்ன வேஷங்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'அசோக்குமார்' (1941) படத்தில் தளபதி. டங்கனின் 'மீரா'வில் (1945) இன்னொரு சிறு பாத்திரம். பாடத் தெரியாதவன் நாயகனாக முடியாத காலம் அது. பின்னணிப் பாடல் முறை நிலைபெற்ற பிறகுதான், வேறொருவர் பாட இவர் வாயசைத்தால் போதும் என்ற நிலை வந்தது. 'ராஜகுமாரி' (1947) அந்தத் திருப்பத்தில் வந்த படம். முதல் படத்துக்கும் முதல் நாயக வேஷத்துக்கும் இடையே 11 ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளை வீணான காத்திருப்பு என்று நான் நினைக்கவில்லை. பெரிய வேஷக்காரன் தன் காட்சி முடிந்ததும் ஒப்பனை அறைக்குப் போய்விடுவான். சின்ன வேஷக்காரன் செட்டிலேயே நிற்க வேண்டும். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. வசனத்தை நம்பாமல் கேமராவை நம்பினார். 'மர்மயோகி' (1951) இயக்கிய கே. ராம்நாத் ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். வெளிச்சத்தால் கதை சொல்லத் தெரிந்தவர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் நேரத்தையும் பணத்தையும் கணக்குப் பார்த்துப் படமெடுத்தார். 'ராஜகுமாரி' உருவான கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவும், 'மலைக்கள்ளன்' (1954) உருவான பட்சிராஜா ஸ்டுடியோவும் கணவாயின் கிழக்கு வாயிலில் இருந்தவை. அங்கிருந்து பாலக்காடு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அன்றைய கோவை, தமிழ்ப் படமும் பிறமொழிப் படமும் ஒரே கூரைக்குக் கீழே எடுக்கப்பட்ட ஊர். 'மலைக்கள்ளன்' கதையையே ஸ்ரீராமுலு நாயுடு பல மொழிகளில் எடுத்தார். எம்.ஜி.ஆரும் 'ஜெனோவா'வின் (1953) மலையாள வடிவத்தில் நடித்தார். அவருடைய ஒரே மலையாளப் படம் அது. அதில் அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். தாய்வீட்டு மொழியில் இரவல் குரலோடு நடித்தவர், பிழைப்புக்காகப் பாடம் செய்த தமிழில் தன் குரலாலேயே நாயகனாக நின்றார்.

இனி 'நாடோடி மன்னன்'. இந்தப் படத்தில் நான் சற்று நின்றுதான் போக வேண்டும்.

1950-களின் நடுவில் எம்.ஜி.ஆர். நட்சத்திரம். 'மலைக்கள்ளன்' குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) வண்ணத்தில் வந்து ஓடியது; அதே ஆண்டில் 'மதுரை வீரன்'. இப்படி இருப்பவர் சொந்தப் பணத்தைப் போட்டு, தானே இரட்டை வேடமேற்று, தானே இயக்கவும் துணிந்தது ஏன்? படத்தின் கரு அவருக்குள் வெகுகாலமாக இருந்தது. 'மாயா மச்சீந்திரா' வேலையாகக் கல்கத்தாவில் இருந்தபோது, ரொனால்டு கோல்மன் நடித்த 'இஃப் ஐ வேர் கிங்' படத்தைப் பார்த்ததையும், நான் மன்னனானால் என்ன செய்வேன் என்ற கேள்வி அங்கே பிறந்ததையும் அவரே குறிப்பிட்டிருக்கிறார். கதையின் எலும்புக்கூடு 'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா'விலிருந்து வந்தது. 1937-இல் வந்த அதன் ஹாலிவுட் வடிவத்திலும் நாயகன் கோல்மன்தான்.

ஜெண்டா கதையில் மன்னனைப் போலவே இருக்கும் வெளியூர்க்காரன் அரியணையைக் காத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். அரசு அப்படியே இருக்கிறது. எம்.ஜி.ஆர். மாற்றியது இந்த இடத்தைத்தான். அவருடைய வீராங்கன் மக்களாட்சி வேண்டும் என்று போராடும் நாடோடி. முடிசூட்டுக்கு முன் மார்த்தாண்ட மன்னனுக்கு மயக்க மருந்து கொடுக்கப்பட, வீராங்கன் அரியணை ஏறுகிறான். ஏறியதும் சட்டம் போடுகிறான். உழவருக்கு, ஏழைகளுக்கு, பெண்களுக்கு என்று வரிசையாக அறிவிப்புகள் வருகின்றன. கதை அந்த நேரத்தில் நகரவில்லை. சண்டை இல்லை, பாட்டு இல்லை. இருந்தும் அன்றைய கொட்டகைகள் கைதட்டின. 1957 தேர்தலில் தி.மு.க. முதன்முறையாகப் போட்டியிட்டுச் சட்டமன்றத்துக்குள் நுழைந்திருந்தது. அந்தக் கட்சியின் அறிக்கை போலவே அந்தக் காட்சியைப் பலர் படித்தார்கள். அப்படிப் படிப்பதில் தவறில்லை. ஆனால் இயக்கும் முறையைப் பாருங்கள்: ஒருவர் நின்று சொல்கிறார், மற்றவர்கள் வரிசையாக நின்று கேட்கிறார்கள், எல்லா முகங்களும் பார்வையாளர் பக்கம் திரும்பியிருக்கின்றன. இது கம்பெனி நாடகத்தின் தர்பார் சீன். டங்கனிடமும் ராம்நாத்திடமும் கண்டதை அவர் மறந்துவிடவில்லை. கருத்தைச் சொல்லும் இடத்தில் மட்டும், தனக்குப் பழகிய மேடைக்கே திரும்பிவிட்டார்.

சண்டைக் காட்சிகளில் வேறொரு இயக்குநர் தெரிகிறார். வாள் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது தெளிவாகத் தெரியும்படி கேமரா விலகி நிற்கிறது, வெட்டுகள் குறைவு. தன் உடம்பால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை உள்ளவன் மட்டுமே அப்படிப் படம்பிடிக்கச் சொல்ல முடியும். மன்னனும் நாடோடியும் ஒரே சட்டத்தில் சந்திக்கும் தந்திரக் காட்சிகளில் ஒளிப்பதிவாளர் ஜி.கே. ராமு பட்ட பாடும் பெரிது. இன்றைக்குக் கணினியில் நொடியில் செய்வதை, அன்று கேமராவை அசையாமல் நிறுத்தி, சட்டத்தின் ஒரு பாதியை மறைத்து மறு பாதியைப் பதிந்து, பிலிமைப் பின்னால் சுற்றி, நடிகர் உடை மாற்றி வந்ததும் மீதிப் பாதியைப் பதிய வேண்டும். ஓர் அசைவு பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதை அவர்கள் சுருக்கமாக முடித்துக்கொள்ளவில்லை, பலமுறை செய்தார்கள்.

அந்தப் 'பலமுறை'தான் படத்தின் பெரிய சண்டைக்கும் காரணம். கதாநாயகியாக நடித்த பி. பானுமதி சாதாரண நடிகை அல்ல. 'சண்டிராணி'யை (1953) தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கியவர், ஸ்டுடியோ முதலாளி. படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநராக அனுபவம் பெற்றவர் அவர்தான், எம்.ஜி.ஆருக்கு இது முதல் படம். எடுத்த காட்சியையே மீண்டும் மீண்டும் எடுப்பது பற்றி இருவருக்கும் ஒத்துவரவில்லை. பானுமதி விலகினார். அவர் ஏற்ற மதனா பாத்திரத்தை இடையிலேயே இறக்க வைத்து, கதையை வேறு பக்கம் திருப்பினார் எம்.ஜி.ஆர். பிற்பகுதியில் பி. சரோஜாதேவி வருகிறார், படம் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறுகிறது. காய்ச்சல் வந்த பையனுக்குப் பதில் இன்னொருவனை நிறுத்தி அன்றிரவு நாடகத்தை முடிக்கிற கம்பெனிப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. ஆனால் பானுமதியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தன்னைப் போலவே தொழில் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அந்தத் தளத்தில் சமமான இடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கம்பெனியில் வாத்தியார் ஒருவர்தான் இருக்க முடியும்.

ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் ஓடும் படம். சுமார் 18 லட்சம் ரூபாய் செலவானதாகச் சொல்வார்கள். அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. வீட்டை அடமானம் வைத்தார் என்பதும், ஓடினால் மன்னன், ஓடாவிட்டால் நாடோடி என்று அவர் சொன்னதாக வழங்கும் பேச்சும் எல்லாருக்கும் தெரிந்தவை. அண்ணன் சக்கரபாணியும் ஆர்.எம். வீரப்பனும் எம்ஜியார் பிக்சர்ஸில் கூட நின்றார்கள். கண்ணதாசனும் ரவீந்தரும் வசனம் எழுதினார்கள். 1958 ஆகஸ்ட் 22 அன்று படம் வெளிவந்தது, பெரும் வெற்றி. மதுரையில் நடந்த விழாவில் தங்க வாள் பரிசளித்தார்கள்.

அந்த வெற்றிக்குப் பிறகும் அவர் மேடையை விடவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எம்.ஜி.ஆர். நாடக மன்றம் 'இன்பக்கனவு', 'அட்வகேட் அமரன்' போன்ற நாடகங்களை ஊர் ஊராகப் போட்டது. 1959-இல் சீர்காழியில் 'இன்பக்கனவு' நடந்தபோது, பருத்த உடம்புக்காரரான குண்டுமணியைத் தூக்கும் காட்சியில் எம்.ஜி.ஆரின் கால் முறிந்தது. நாட்டின் பெரிய நட்சத்திரம் ஒருவர் சீர்காழி மேடையில் ஒவ்வோர் இரவும் ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சினிமாவில் அதை வேறு வழிகளில் செய்யலாம். மேடையில் தூக்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்த 15 ஆண்டுகளில் அவர் பெயரில் இயக்கம் இல்லை. ப. நீலகண்டன், எம்.ஏ. திருமுகம், கே. சங்கர் போன்றவர்கள் இயக்கினார்கள். ஆனால் சண்டை எப்படி, பாட்டு எந்த மெட்டில், எந்த வசனம் இருக்கலாம், எது கூடாது என்பதில் அவர் கை இருந்ததைத் திரையுலகத்தினர் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். எம்ஜியார் பிக்சர்ஸின் 'அடிமைப்பெண்' (1969) சங்கர் பெயரில் வந்தது. அதற்கு முன் 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டதில் குண்டு தொண்டையில் பாய்ந்து எம்.ஜி.ஆரின் குரல் மாறியிருந்தது. மகரக்கட்டில் வேஷம் இழக்கிற பையன்களைக் கண்டு வளர்ந்தவருக்கு, ஐம்பது வயதில் மீண்டும் குரல் போனது. டப்பிங்கில் வேறு குரலைப் பயன்படுத்த அவர் ஒப்பவில்லை. உடைந்த குரலிலேயே பேசினார். மக்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

'உலகம் சுற்றும் வாலிபன்' 1970-இல் தொடங்கியது. ஜப்பானின் ஒசாகாவில் அந்த ஆண்டு மார்ச் முதல் செப்டம்பர் வரை நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சியில், முடியும் தறுவாயில் படம்பிடித்தார்கள். ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து என்று பயணம் நீண்டது. மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் முறையைக் கண்டுபிடித்த விஞ்ஞானி, அவரைத் தேடிவரும் தம்பி. மறுபடியும் இரட்டை வேடம். மஞ்சுளா, லதா, சந்திரகலா ஆகியோருடன் தாய்லாந்து நடிகை மேத்தா ரூங்ராட்டும் நடித்தார். இசை எம்.எஸ். விஸ்வநாதன், ஒளிப்பதிவு வி. ராமமூர்த்தி. சிறிய குழுவோடு, மொழி தெரியாத ஊர்களில், கண்காட்சிக் கூட்டத்துக்கு நடுவே எடுத்த அனுபவத்தை எம்.ஜி.ஆரே 'பொம்மை' இதழில் தொடராக எழுதினார். கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊரில் கட்டும் கம்பெனி வாழ்க்கையின் பெரிய வடிவம் அந்தப் பயணம். காட்சிகளும் அப்படித்தான் இருக்கின்றன. ஊருக்கு ஒரு பாட்டு, ஊருக்கு ஒரு சண்டை. கதை அவற்றைக் கோத்துக்கொண்டு போகிறது. ஆனால் நிறமும் வேகமும் அசாதாரணமானவை. விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்த பார்வையாளர்களுக்கு உலகத்தைச் சுற்றிக்காட்ட வேண்டும் என்ற விருப்பம் ஒவ்வொரு சட்டத்திலும் தெரிகிறது. மூன்று படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கருத்தைச் சொல்லும் பாரம் இதில் குறைவு. காட்டும் மகிழ்ச்சி அதிகம்.

படம் முடியுமுன் அரசியல் மாறிவிட்டது. 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு, 17-ஆம் தேதி அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார். படத்துக்குத் தடைகள் வந்தன. சுவரொட்டி வரி உயர்ந்ததால் சுவரொட்டிகளுக்குப் பதில் சிறு ஸ்டிக்கர்களால் விளம்பரம் செய்தார்கள். 1973 மே 11 அன்று படம் வந்தது. ஒன்பது நாள் கழித்துத் திண்டுக்கல் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு. புதுக் கட்சியின் மாயத்தேவர் வென்றார்.

மூன்றாவது படத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அகிலனின் 'கயல்விழி' நாவலை அடிப்படையாக வைத்து பி.ஆர். பந்துலு தொடங்கிய படம் அது. 1974-இல் பந்துலு இறந்ததால் எம்.ஜி.ஆர். பொறுப்பேற்றார். 1977 ஜூன் தேர்தலில் வென்ற பிறகும், பதவியேற்கும் முன் பாக்கிப் படப்பிடிப்பை முடிக்க நாள் ஒதுக்கினார். ஜூன் 30 அன்று முதலமைச்சரானார். 1978 பொங்கலன்று 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' வந்தது. படத்தில் களைப்பு தெரிகிறது. தர்பார் சீன்கள் மட்டும் மிஞ்சி, கேமராவின் விளையாட்டு போய்விட்டது. ஒப்புக்கொண்ட நாடகத்தை எப்படியும் நடத்தி முடிப்பது என்ற கம்பெனி ஒழுக்கத்துக்குச் சாட்சியாகவே அதை நான் மதிக்கிறேன். நடிகர், இயக்குநர், முதலமைச்சர் என்ற பாதையில் அவரைப் போலவே சென்ற என்.டி. ராமராவ், 'சீதாராம கல்யாணம்' (1961) தொடங்கிப் பல படங்களை இயக்கினார். பதவிக்கு வந்த பின்னும் இயக்கினார். பாய்ஸ் கம்பெனியிலேயே வளர்ந்த சிவாஜி கணேசன் தன் பெயரில் ஒரு படமும் இயக்கவில்லை. ஒரே மாதிரிப் பயிற்சி பெற்ற இருவரில் ஒருவர் வேஷத்துக்குள் ஆழப் போனார். மற்றவர் வாத்தியாரின் இடத்தை நோக்கிப் போனார்.

எல்லைக்கு அப்பால் இந்தப் படங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதையும் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று பாலக்காடு கேரளத்தில் சேர்ந்தது. தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிய தேவிகுளம், பீருமேடு வட்டங்களும் கேரளத்திலேயே நின்றன. இவை 1972-இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தில் இன்று இருக்கின்றன. மூணாறு, பீருமேடு தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தொழிலாளருக்குக் கீழே இறங்கினால் போடி, குமுளி வழியாகக் கம்பம். மேலே ஏறினால் வேறு மொழி ஆட்சி. அவர்களுக்குத் தமிழ்ப் படம் ஊரோடு இருந்த உறவின் ஒரு கண்ணி. 'நாடோடி மன்னன்' எல்லை விழுந்த இரண்டே ஆண்டில் வந்தது. மண்ணில்லாத நாடோடி ஒருவன் சட்டம் போடுகிறான் என்ற கதையை லயத்தில் வாழ்பவர் எப்படிக் கேட்டிருப்பார் என்பதைத் திரைப்பட வரலாறு இன்னும் விசாரிக்கவில்லை. சென்னைக் கொட்டகைகளின் வசூலைவிட அது முக்கியமான விசாரணை என்று நினைக்கிறேன். அவர் தொடங்கிய கட்சி பிற்காலத்தில் பாலக்காடு, இடுக்கி எல்லைகளின் உள்ளாட்சித் தேர்தல்களில் சில இடங்களை வென்றதற்கும் இந்தப் பழைய உறவுக்கும் தொடர்பு இருக்கத்தான் வேண்டும்.

அந்த எல்லை அவரை விட்டுவிடவும் இல்லை. 1979-இல் முல்லைப்பெரியாறு அணையின் பாதுகாப்பு குறித்துக் கேரளம் அச்சம் எழுப்பியது. பலப்படுத்தும் பணிக்காக நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைக்கத் தமிழகம் இணங்கியபோது முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அணை இடுக்கி மண்ணில் இருக்கிறது; தண்ணீர் தேனிக்கும் மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் போகிறது. குறைத்த மட்டத்தை மீண்டும் உயர்த்தப் பல பத்தாண்டு வழக்கு நடந்தது. அவர் பிறந்த குடும்பத்தின் ஊரை வைத்து அந்த முடிவைப் பழித்தவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அணைப் பாதுகாப்பு பொறியாளர்கள் பேச வேண்டிய விஷயம். ஒருவரின் தாய்வீட்டு ஊர் அதில் சான்றாகாது.

எடுக்காமல் விட்ட படங்களைச் சொல்லாமல் இயக்குநர் எம்.ஜி.ஆரைப் பற்றிய கட்டுரை முழுமையாகாது. 'உலகம் சுற்றும் வாலிபன்' முடிவில் 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்று அடுத்த படத்தை அறிவித்தார், அது எடுக்கப்படவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு 'பொன்னியின் செல்வன்'. கல்கியின் நாவலைப் படமாக்க 1950-களின் இறுதியிலேயே முயன்றார். காரைக்குடி அழகப்பா கல்லூரி விழாவில் தமிழ் சினிமாவின் பொய்ம்மையைத் தன் முன்னாலேயே விமர்சித்துப் பேசிய மாணவன் ஒருவனை நினைவில் வைத்திருந்து, பின்னர் சென்னையில் சந்தித்தபோது அந்த நாவலுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார். சீர்காழியில் கால் முறிந்தது, வேறு வேலைகள் குறுக்கிட்டன, படம் நின்றது. அந்த மாணவன்தான் இயக்குநர் மகேந்திரன். 1978 ஜனவரியில் எம்.ஜி.ஆரின் கடைசிப் படம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று மகேந்திரனின் முதல் படமான 'முள்ளும் மலரும்' வந்தது. அதில் தர்பார் சீன் இல்லை, நீண்ட வசனம் இல்லை. கதாபாத்திரங்கள் பார்வையாளர் பக்கம் திரும்பி நின்று பேசுவதில்லை. கம்பெனி மேடையின் பழக்கத்தைத் தமிழ்த் திரையிலிருந்து விலக்கியவர்களில் ஒருவர், அந்த மேடையில் வளர்ந்தவர் கொடுத்த வேலையில்தான் திரைக்கதை எழுதத் தொடங்கினார்.